மாணவர் சைபர் தற்காப்புப் போட்டிக்கு எந்த ஓஎஸ்?

"உலகிலேயே பாதுகாப்பான ஓஎஸ் (இயங்குதளம்) எது?" என்று தேடி, முதலில் வந்த பெயரை நிறுவிக்கொண்டு போட்டிக்குப் போகும் அணிகள் ரெட் டீம் (போட்டியில் தாக்கும் தரப்பு) தாக்கத் தொடங்கும் முன்பே மதிப்பெண்ணை இழக்கின்றன. வெப்சைட் எழாது, மெயில் போகாது, டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்காது. மாணவர்கள் சர்வர்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் தற்காப்புப் போட்டிகளில் சேவைகள் தடங்கலின்றி ஓடுவதற்கே கணிசமான மதிப்பெண் உண்டு. யாரும் உடைக்க முடியாத சர்வரில் யாரும் லாகின் செய்யவும் முடியவில்லை என்றால் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: விதிகள் கேட்கும் சேவைகளை, நம் அணியின் கைகளால், எந்த ஓஎஸ்ஸில் இறுக்கமாக ஓட்ட முடியும்?

தேர்வு செய்ய இடம் இருக்கிறதா?

எல்லாப் போட்டியிலும் ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை. அமெரிக்காவில் 2005 முதல் நடக்கும் சிசிடிசி என்ற கல்லூரிப் போட்டியில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கை அப்படியே உங்கள் தலையில் கட்டுவார்கள். பள்ளி மாணவர்களுக்கான சைபர்பேட்ரியாட்டில் ஓட்டைகள் நிறைந்த விண்டோஸ், லினக்ஸ் இமேஜ்களைக் கொடுத்து அடைக்கச் சொல்வார்கள். அங்கே தேர்வு என்ற பேச்சே இல்லை. கொடுத்ததில் பழக வேண்டியதுதான். சாண்டா பார்பராவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் ஐசிடிஎஃப் போன்ற அட்டாக்-டிஃபென்ஸ் போட்டிகளில், எல்லா அணிக்கும் ஒரே மாதிரியான ஓட்டை சர்வரை அமைப்பாளர்களே தருவார்கள். உங்கள் விருப்பம் அதற்கு முன்னால் நிற்கும் கேட்வேயிலும் உங்கள் லேப்டாப்பிலும்தான் செல்லுபடியாகும்.

மூன்றாவது வகையில்தான் ஓஎஸ் தேர்வு உண்மையான முடிவாகிறது. 2001இல் அமெரிக்க ராணுவக் கல்விக்கழகங்களுக்கிடையே தொடங்கிய சைபர் டிஃபென்ஸ் எக்ஸர்சைஸும், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் நடத்தும் தற்காப்புப் போட்டிகளும் இந்த வகை. அயோவாவில் போட்டி நாளுக்குச் சில வாரங்கள் முன்பே வேலை தொடங்கிவிடும். மாணவர்கள் ப்ளூ டீம், தாக்குபவர்கள் ரெட் டீம், நடுவர்கள் வொயிட் டீம். சாதாரணப் பயனர்களாக நடித்து "என் மெயில் ஏன் வரவில்லை?" என்று கேட்பவர்கள் கிரீன் டீம். இந்தக் கிரீன் டீமை மறந்துவிட்டு ஓஎஸ் தேர்ந்தெடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைக்கானது.

விதிக் குறிப்பு கையில் வந்ததும் நடுவர்களிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: எந்த சர்வரைப் புதிதாகக் கட்டலாம், எதைத் தொடக்கூடாது? பயனர்களுக்கு எஸ்எஸ்ஹெச் ஷெல் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் வசதி) கொடுத்தே ஆக வேண்டுமா? போட்டி நாளில் இணையம் இருக்குமா? ஸ்னாப்ஷாட்டுக்கு (சேமித்து வைத்த பழைய நிலைக்கு) திரும்பலாமா? ஐபி முகவரிகளை முடக்கலாமா? ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் எவ்வளவு ரேம்? பயனருக்கு ஷெல் உண்டு என்றால் கதையே வேறு. தாக்குபவர் உள்ளேதான் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, சாதாரணக் கணக்கிலிருந்து ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள கணக்குக்கு) ஏறும் வழிகளை எந்த ஓஎஸ் நன்றாக அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் வெளியான ப்வ்ன்கிட் ஓட்டை, உரிமைகளைக் கையாளும் போல்கிட் என்ற நிரல் நிறுவப்பட்ட லினக்ஸ் எதிலும் எந்தப் பயனரையும் ரூட்டாக்கியது. அது 2009 முதல் அங்கேயே கிடந்தது.

ஓஎஸ்ஸால் எதைத் தடுக்க முடியும், எதை முடியாது

ரெட் டீமின் முதல் சில நிமிட வேலை டீஃபால்ட் பாஸ்வேர்டுகளை முயல்வதும், மறந்துபோன சேவைகளைத் தட்டுவதும்தான். அடுத்து வெப் அப்ளிகேஷனில் டேட்டாபேஸ் கட்டளைகளைத் திணிக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன், ஃபைல் அப்லோடு. இவற்றில் எதையும் ஓஎஸ் தடுக்காது. பிஹெச்பி கோடில் ஓட்டை இருந்தால் பாதுகாப்புக்குப் பேர்போன ஓப்பன்பிஎஸ்டியிலும் அதே ஓட்டைதான்.

ஓஎஸ்ஸின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. வெப் சர்வரின் கணக்கு தாக்குபவர் கைக்குப் போய்விட்டது. இனி அவரால் எந்த ஃபைலைப் படிக்க முடியும், எங்கே எழுத முடியும், எந்த மெஷினோடு பேச முடியும், ரூட்டாக மாற முடியுமா? ஒவ்வொரு ஓஎஸ்ஸையும் இந்தக் கேள்விகளோடு அணுகுங்கள். கூடவே இரண்டு: நிறுவியவுடன் எத்தனை போர்ட் (நெட்வொர்க் வாசல்) திறந்திருக்கிறது, பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) எவ்வளவு எளிதாகப் போடலாம்.

ஓப்பன்பிஎஸ்டி

1995இல் தியோ டி ராட் என்ற நிரலாளர் நெட்பிஎஸ்டி என்ற ஓஎஸ்ஸிலிருந்து பிரித்துத் தொடங்கியது. இணையதள முகப்பில் அவர்கள் போட்டிருக்கும் வாசகம் பிரபலம்: நெடுங்காலத்தில் டீஃபால்ட் இன்ஸ்டாலில் இரண்டே இரண்டு ரிமோட் ஓட்டைகள். "டீஃபால்ட் இன்ஸ்டால்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நீங்கள் மரியாடிபி டேட்டாபேஸும் வேர்ட்பிரஸ்ஸும் ஏற்றிய நொடியில் அந்த வாசகத்தின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆனாலும் பெருமை வெறும் விளம்பரமல்ல. 2024 ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் ரெக்ரெஷன் என்ற ஓட்டை வெளிவந்து ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தைப் பயன்படுத்தும் லினக்ஸ் சர்வர்கள் அவசரமாகப் பேட்ச் போட்டபோது, ஓப்பன்பிஎஸ்டிக்குப் பாதிப்பில்லை. அதன் லாக் எழுதும் முறை முன்பே வேறுவிதமாகத் திருத்தப்பட்டிருந்தது. பிளெட்ஜ், அன்வெய்ல் என்ற இரண்டு வசதிகளால் அதன் சொந்த நிரல்கள் தமக்குத் தேவையில்லாத சிஸ்டம் அழைப்புகளையும் ஃபைல்களையும் தாமே கைவிட்டுவிடுகின்றன. நிறுவும்போது தானியங்கிப் பிரிப்பைத் தேர்ந்தால், லாக், டெம்ப், ஹோம் எல்லாம் தனித்தனிப் பார்ட்டிஷனாகிவிடும். பேட்சுக்கு சிஸ்பேட்ச் என்ற ஒரே கட்டளை. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஓராண்டுதான் ஆதரவு. எனவே போன வருட அணி விட்டுச்சென்ற இமேஜைத் தூசு தட்டி எடுக்காதீர்கள்.

சிக்கல் வருவது வெப் சர்வரில். அதன் சொந்த ஹெச்டிடிபிடியும் பிஹெச்பி-எஃப்பிஎம்மும் வெப் கோப்புறைக்குள் சிறை வைக்கப்பட்டு ஓடும், சிரூட் என்பார்கள். சிறைக்குள்ளிருந்து வெளியே உள்ள எதுவும் தெரியாது. விளைவுகள் வரிசையாக வரும்:

டேட்டாபேஸ் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் இணைப்புக் கிடைக்காது. அந்தப் பெயரைப் பார்த்ததும் பிஹெச்பி ஒரு சாக்கெட் ஃபைலைத் தேடும். அது சிறைக்கு வெளியே இருக்கிறது. 127.0.0.1 என்று எண்ணில் எழுதுங்கள், டிசிபி வழியாகப் போய்விடும். டேட்டாபேஸ் அந்த முகவரியில் மட்டும் கேட்கும்படியும் அமையுங்கள். அடுத்து, பிஹெச்பியிலிருந்து வெளி சர்வர் பெயர்களைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் டிஎன்எஸ் அமைப்பு ஃபைல் உள்ளே இல்லை. அதைச் சிறைக்குள் இட்சி என்ற கோப்புறை உருவாக்கி நகல் வைக்க வேண்டும். ஹெச்டிடிபிஎஸ் அழைப்புகள் இருந்தால் சான்றிதழ் ஃபைலையும் அப்படியே. பிஹெச்பியின் மெயில் ஃபங்ஷனும் வேலை செய்யாது. அப்ளிகேஷனை எஸ்எம்டிபி வழியாக அனுப்பச் சொல்வதுதான் சுத்தமான வழி.

இவை எதுவும் கடினமல்ல. ஆனால் போட்டி நாளில் முதல் முறையாகச் சந்தித்தால் ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும். ஆத்திரத்தில் சிறையைத் திறந்துவிட்டால், ஓப்பன்பிஎஸ்டியைத் தேர்ந்ததன் பெரும்பயன் போய்விடும்.

டாக்கர் (கன்டெய்னர் கருவி) கிடையாது. லினக்ஸ் பைனரிகளை ஓட்டும் வசதியையும் 6.0 வெளியீட்டில் எடுத்துவிட்டார்கள். சூழ்நிலைக் குறிப்பில் "இந்த நிறுவனத்தின் அப்ளிகேஷன் இதோ" என்று ஒரு லினக்ஸ் பைனரி கொடுத்திருந்தால், அந்த சர்வருக்கு ஓப்பன்பிஎஸ்டியை மறந்துவிடுங்கள்.

கேட்வேயாக, ஃபயர்வாலாக என்றால் தயங்கவே வேண்டாம். அதன் ஃபயர்வாலான பிஎஃப்பின் விதிகள் வாசிக்கத் தெளிவானவை: முதலில் எல்லாவற்றையும் தடு, பிறகு தேவையானதை ஒவ்வொன்றாக விடு. உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கும் இதே விதி வேண்டும். வெப் சர்வர் தானாக வெளியே இணைப்பு தொடங்க முடியாதென்றால், ரிவர்ஸ் ஷெல் (உள்ளிருந்து தாக்குபவரை அழைக்கும் நிரல்) வைத்தவரின் உழைப்பு அங்கேயே நின்றுவிடும். விதி ஃபைலை மாற்றியதும் பிஎஃப்சிடிஎல் கட்டளையை 'என்', 'எஃப்' சுவிட்சுகளோடு ஓட்டுங்கள். ஏற்றாமல் பிழை மட்டும் பார்க்கும். ஏற்றும் முன், இரண்டு நிமிடம் கழித்து பிஎஃப்பை அணைக்கும் ஒரு கட்டளையைப் பின்னணியில் விட்டுவையுங்கள். உங்களை நீங்களே பூட்டிக்கொண்டாலும் இரண்டு நிமிடத்தில் கதவு திறக்கும். எல்லாம் சரியென்றால் அந்தக் கட்டளையை நிறுத்த மறக்காதீர்கள்.

டெபியன் ஸ்டேபிள்

அணியில் பாதிப் பேருக்குக் கைப்பழக்கம் இருக்கும் லினக்ஸ் வகை இது. வேண்டுமென்றே பழைய வெர்ஷன்களை வைத்துக்கொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இதில் ஒரு குழப்பம் வரும்: ஸ்கேனர் ஓட்டினால் "அப்பாச்சி பழையது, ஓட்டை உள்ளது" என்று சிவப்பாகக் காட்டும். ஸ்கேனர் வெர்ஷன் எண்ணை மட்டும் பார்க்கிறது. பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் அந்த ஓட்டையின் சிவிஈ எண் (பொதுப் பட்டியல் எண்) இருந்தால் அடைக்கப்பட்டாயிற்று. இதற்குப் பயந்து மூலக்கோடிலிருந்து புதிய அப்பாச்சியைக் கட்டினால், பிறகு வரும் எந்தப் பேட்சும் அதற்குத் தானாக வராது.

டெபியன் 10 முதல் நிரல்களைக் கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் தானாகவே இயங்குகிறது. ஆனால் அது இயங்குகிறது என்பதால் அப்பாச்சியோ பிஹெச்பியோ கட்டுக்குள் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்; அவற்றுக்குத் தயார் ப்ரொஃபைல் அமலில் இராது. இங்கே கைக்கு எட்டும் கருவி, சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி. சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையை செக்யூரிட்டி என்ற சொல்லோடு ஓட்டினால் ஒவ்வொரு சேவைக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பு காட்டும். 10 என்றால் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பிறகு சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் அந்தச் சேவைக்கு நான்கு வரிகள் சேருங்கள்: நோநியூப்ரிவிலேஜஸ், ப்ரொடெக்ட்ஹோம், ப்ரைவேட்டெம்ப் மூன்றுக்கும் 'யெஸ்', ப்ரொடெக்ட்சிஸ்டத்துக்கு 'ஸ்ட்ரிக்ட்'.

இந்த நான்கும் உடைக்கக்கூடியவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ட்ரிக்ட் போட்டால் அந்தச் சேவைக்கு ஏறக்குறைய முழு டிஸ்க்கும் படிக்க மட்டும்தான். அப்லோடு கோப்புறையை ரீட்ரைட்பாத்ஸ் வரியில் தனியாக அனுமதிக்காவிட்டால் கிரீன் டீம் படம் ஏற்ற முடியாமல் புகார் கொடுக்கும். ப்ரைவேட்டெம்ப் போட்டால், டெம்ப் கோப்புறையில் இன்னொரு சேவை வைத்த சாக்கெட் கண்ணுக்குத் தெரியாது. நோநியூப்ரிவிலேஜஸ் போட்டால், பிஹெச்பி வழியே போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வருக்கு மெயில் தரும் வழி நின்றுவிடும். போஸ்ட்டிராப் என்ற சின்ன நிரல் குழு உரிமை மாற்றித்தான் வேலை செய்கிறது, அதை இந்த வரி தடுக்கிறது. இங்கும் தீர்வு எஸ்எம்டிபிதான்.

இன்னொன்று: என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வால் விதிகளைக் கையால் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அதன் சேவை டெபியனில் தானாக இயக்கப்பட்டிருக்காது. விதிகளை அமைப்பு ஃபைலில் எழுதிச் சேவையை எனேபிள் செய்யாவிட்டால், ஒரு ரீபூட்டில் ஃபயர்வால் காணாமல் போய்விடும்.

ராக்கி, ஆல்மா

ரெட் ஹாட் லினக்ஸின் வழிவந்த இவ்விரண்டிலும் எஸ்ஈலினக்ஸ் முதல் நாளிலிருந்தே முழு அமலில் இருக்கும். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2000 டிசம்பரில் வெளியிட்ட இந்தக் கட்டுப்பாட்டு முறை, வெப் சர்வர் எந்த ஃபைலைத் தொடலாம், எந்தப் போர்ட்டுக்குப் போகலாம் என்பதை ரூட் உரிமையைத் தாண்டியும் கட்டுப்படுத்துகிறது. வெப் அப்ளிகேஷனில் ஓட்டை இருக்கும் என்று தெரிந்தே போட்டிக்குப் போகும்போது, லினக்ஸில் இதற்கு நிகரான தயார் பாதுகாப்பு இல்லை.

பிரச்சினை, பெரும்பாலான வழிகாட்டிகள் முதல் வரியிலேயே அதை அணைக்கச் சொல்வது. அணைக்கத் தூண்டும் சம்பவங்கள் மூன்று நான்குதான். ஹோம் கோப்புறையிலிருந்து வெப் கோப்புறைக்கு ஃபைலை எம்வி கட்டளையால் நகர்த்தினால் எஸ்ஈலினக்ஸ் ஒட்டிய பழைய லேபிளும் கூடவே வரும். பிரவுசர் 403 (அனுமதி இல்லை) காட்டும். ஃபைல் உரிமைகளை 777 ஆக்கிப் பார்ப்பார்கள், அப்போதும் 403தான். ரீஸ்டோர்கானை அந்தக் கோப்புறை மீது ஓட்டினால் தீர்ந்தது. வேறு மெஷினில் இருக்கும் டேட்டாபேஸுக்கு இணைப்பு மறுக்கப்பட்டால், வெப் சர்வர் டேட்டாபேஸோடு பேசலாம் என்ற பூலியனை (ஆன்/ஆஃப் அமைப்பை) செட்எஸ்ஈபூலால் நிரந்தரமாக இயக்குங்கள். 'பி' சுவிட்ச் இல்லாவிட்டால் ரீபூட்டில் போய்விடும். வழக்கமில்லாத போர்ட்டில் சேவை எழவில்லையென்றால் செமேனேஜ் மூலம் அந்தப் போர்ட்டைப் பதிவு செய்யுங்கள்.

பயிற்சி வாரத்தில் பெர்மிசிவ் நிலையில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) வைத்து எல்லாச் சேவையையும் ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். தடுத்திருக்க வேண்டியவை ஆடிட் லாக்கில் சேரும். ஒவ்வொன்றையும் படித்துத் தீர்த்துவிட்டு மீண்டும் முழு அமலுக்குக் கொண்டுவாருங்கள். லாக்கிலிருந்து அனுமதி விதி எழுதும் ஆடிட்2அலோ தரும் விதியைப் படிக்காமல் ஏற்றுவது ஆபத்து. அந்த லாக்கில் தாக்குபவர் செய்த முயற்சியும் சேர்ந்திருந்தால் அதற்கும் அனுமதி எழுதிக் கொடுத்துவிடும்.

இதே குடும்பத்தின் சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்துவிட்டது. பழைய ஆய்வக இமேஜ்களில் அது இன்னும் உலவுகிறது.

மற்றவை, சுருக்கமாக

காளி: தாக்குபவரின் கருவிப்பெட்டி. அதில் சேவை சர்வர் கட்டாதீர்கள். தொடர்ந்து புதிய பேக்கேஜ்களை ஏற்றும் ரோலிங் முறையின் அபாயமும் அதில் உண்டு. 2024 மார்ச் மாதம் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் பின்கதவு வைக்கப்பட்டது தெரியவந்தபோது, மார்ச் 26க்கும் 29க்கும் இடையே அப்டேட் செய்த காளி மெஷின்களுக்கு அது போயிருந்தது; டெபியன் ஸ்டேபிளுக்குப் போகவில்லை.

ஆல்பைன்: மிகச் சிறியது, ரேம் குறைவாகக் கொடுத்தால் நல்லது. ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் நூலகம் பயன்படுத்துவதால், ஜிலிப்சிக்காகக் கட்டிய பைனரியை ஓட்டினால் ஃபைல் கண்ணெதிரே இருக்கும்போதே "நாட் ஃபவுண்ட்" என்று சொல்லும். காணாமல் போனது அந்த ஃபைலல்ல, அது கேட்கும் லோடர்.

க்யூப்ஸ், டெய்ல்ஸ் இரண்டும் மேசைக் கணினிக்கானவை. டெய்ல்ஸ் எல்லாவற்றையும் அடையாளம் மறைக்கும் டோர் நெட்வொர்க் வழியாக அனுப்பும் என்பதால் போட்டியின் விபிஎன்னோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

விண்டோஸ் சர்வர்: ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வசதி) வேண்டும் என்று விதி சொன்னால் அதையே வையுங்கள். லினக்ஸில் சாம்பாவை வைத்து மாற்றிக் காட்டுவது புத்திசாலித்தனமாகத் தோன்றும், குரூப் பாலிசியில் வந்து மாட்டிக்கொள்வீர்கள். டெஸ்க்டாப் இல்லாத கோர் வகையை நிறுவி, எஸ்எம்பி 1ஐ நீக்கி, டொமைன் கன்ட்ரோலரில் பிரின்ட் ஸ்பூலரை அணைத்து, எல்லா அப்டேட்டும் போடுங்கள். 2020இன் ஜீரோலாகான், 2021இன் பிரின்ட்நைட்மேர் என்ற ஓட்டைகள் இரண்டும் பழைய இமேஜ்களில் இன்னும் வேலை செய்யும்.

முடிவெடுக்கும் முறை

ஆறு பேர் கொண்ட அணிக்கு இரண்டு ஓஎஸ் குடும்பங்களுக்கு மேல் வேண்டாம். ஃபயர்வாலுக்கு ஓப்பன்பிஎஸ்டி, சேவைகள் அனைத்துக்கும் டெபியன் அல்லது ராக்கியில் ஏதாவது ஒன்று. "வெவ்வேறு ஓஎஸ் வைத்தால் ஒரே ஓட்டையால் எல்லாம் விழாது" என்ற வாதம் காகிதத்தில் சரி. நடைமுறையில், மெயில் சர்வரைக் கட்டியவர் சாப்பிடப் போன நேரத்தில் அது விழுந்தால் மற்றவர்களுக்கு அங்கே லாக் எங்கிருக்கிறது என்றே தெரியாது.

இரண்டு ஓஎஸ்களுக்கிடையே தயக்கமிருந்தால் ஒரு வார இறுதியில் இரண்டிலும் ஒரே சேவையைக் கட்டி, நான்கு சோதனைகள் வையுங்கள். முதலில் ரீபூட்: யாரும் கை வைக்காமல் எல்லாம் எழ வேண்டும், ஃபயர்வால் உட்பட. இரண்டாவது, வெப் கோப்புறையில் நீங்களே ஒரு வெப்ஷெல் (பிரவுசர் வழியே கட்டளை ஓட்டும் ஃபைல்) வைத்து, அணியில் ஒருவரிடம் கொடுத்து எதுவரை போக முடிகிறது என்று பாருங்கள்: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு படிக்க முடிகிறதா, டெம்ப் கோப்புறையில் பைனரி ஓடுகிறதா, வெளியே இணைப்பு போகிறதா? இந்தச் சோதனை ஒன்றே பாதி விவாதத்தை முடித்துவிடும். மூன்றாவது, கட்டியவர் ஒரு சேவையை உடைக்க, கட்டாத ஒருவர் பதினைந்து நிமிடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். முடியவில்லையென்றால் அந்த ஓஎஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. கடைசியாக, லாக் பார்ட்டிஷனை வேண்டுமென்றே நிரப்புங்கள். எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் டேட்டாபேஸும் கூடவே படுத்துவிடும்.

கட்டும்போது

கொடுக்கப்பட்ட இமேஜைப் புதிய ஓஎஸ்ஸுக்கு மாற்றும்போது தரவை மட்டும் எடுங்கள்: டேட்டாபேஸ் டம்ப், வெப் கோடு, பயனர் பெயர்ப் பட்டியல். பாஸ்வேர்டு ஃபைல், க்ரான் வேலைகள் (நேரம் குறித்துத் தானாக ஓடுபவை), எஸ்எஸ்ஹெச் அனுமதிச் சாவிகள், ஹோம் கோப்புறையின் ஷெல் அமைப்புகள் எதையும் நகலெடுக்காதீர்கள். பின்கதவுகளை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள். வெப் கோடையும் முழுதாகப் படியுங்கள். படக் கோப்புறைக்குள் இருக்கும் பிஹெச்பி ஃபைல் ஏறக்குறைய எப்போதும் வெப்ஷெல்தான். டேட்டாபேஸ் டம்புக்குள் கூடுதல் அட்மின் கணக்கு ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், அதையும் தேடுங்கள். மதிப்பெண் சரிபார்க்கும் கணக்கை மட்டும் தெரியாமல் நீக்கிவிடாதீர்கள். சேவை ஓடிக்கொண்டே இருக்கும், மதிப்பெண் பலகையோ சிவப்பாக இருக்கும்.

புதிய மெஷினை ஃபயர்வாலுக்குப் பின்னால் வைத்து நிறுவுங்கள். சேவைகள் ஏறியதும் எஸ்எஸ் கட்டளையால், பிஎஸ்டியில் நெட்ஸ்டாட்டால், எந்தெந்தப் போர்ட் கேட்கிறது என்று பாருங்கள். காரணம் சொல்ல முடியாத ஒவ்வொன்றையும் அணையுங்கள்.

கடைசி முழு அப்டேட்டைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு போட்டு, ரீபூட் செய்து, ஸ்னாப்ஷாட் எடுத்து நிறுத்துங்கள். அதன் பிறகு மிக அவசரமான பேட்ச் மட்டும். தானியங்கி அப்டேட்டை அந்த இரண்டு நாளுக்கு அணைத்துவிடுங்கள். போட்டி நடுவில் டேட்டாபேஸ் தானாக ரீஸ்டார்ட் ஆவதை யாரும் விரும்புவதில்லை. டேட்டாபேஸ் டம்பும் வெப் கோடும் அந்த சர்வரிலேயே இருந்தால் பேக்கப் ஆகாது. உள்ளே நுழைந்தவர் முதலில் அழிப்பது அதைத்தான். வேறு மெஷினில், அந்த மெஷினே வந்து இழுத்துக்கொள்ளும்படி வையுங்கள், சர்வரிலிருந்து தள்ளும்படி அல்ல.

போட்டி நாளில் இணையம் இல்லையென்றால் பேக்கேஜ் மிரரும் இல்லை. டெபியனில் நிறுவியபோது இறங்கிய டெப் ஃபைல்களையும், ஓப்பன்பிஎஸ்டியில் பயன்படுத்திய பேக்கேஜ்களையும், இரண்டு ஓஎஸ்ஸின் நிறுவல் இமேஜ்களையும் உள் நெட்வொர்க்கில் ஒரு மெஷினில் சேர்த்து வையுங்கள். மேன் பக்கங்களையும் (கட்டளை விளக்கக் குறிப்புகள்) விட்டுவிடாதீர்கள்: சிறிய கன்டெய்னர் இமேஜ்களிலும் ஆல்பைனிலும் அவை கூடவே வராது, ஓப்பன்பிஎஸ்டியில் முழுதாக இருக்கும்.